பழுப்புக் காகிதத்து ஒற்றர்கள்

அமெரிக்க தேசம் உலகத்துக்கு அனுப்பிவைத்த சரக்குகள் எத்தனையோ. தையல் இயந்திரம், மண்ணெண்ணெய் டின், மோட்டார் வண்டி, சினிமாப் படம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால், சுங்கச் சாவடியில் ஒருவர் கண்ணிலும் படாமல், தீர்வை ஒரு காசும் கட்டாமல், நம் வீட்டுத் திண்ணை வரையில் வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்ட சரக்கு ஒன்று உண்டு. துப்பாக்கியும் கையுமாகத் திரிகிற ரகசிய ஏஜெண்டின் கதைதான் அது. மோட்டார் வண்டி இன்னும் பாதி வீடுகளில் கிடையாது. அந்த ஏஜெண்டை அறியாத வீடு எது? பாட்டனார் அவனை ஒரு பெயரில் அறிந்திருந்தார். தகப்பனார் வேறொரு பெயரில் அறிந்தார். பையன் இன்று கைப்பேசித் திரையில் மூன்றாவது பெயரில் அறிகிறான்.

இந்த மாதிரிக் கதைகளைப் பற்றிப் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் எழுத உட்கார்ந்தால், "பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்று தொடங்கிக் கண்டன மழை பொழிவார் என்றே நேயர்கள் எதிர்பார்ப்பார்கள். அந்த மழை நூறு வருஷமாகப் பெய்து ஓய்ந்துவிட்டது. அதனால் ஒரு பயிரும் விளைந்ததாகத் தெரியவில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. இந்தச் சரக்கு எங்கே உற்பத்தியாயிற்று? யார் கை மாறி இங்கே வந்தது? நம்மவர்கள் அதைக் கொண்டு என்ன செய்தார்கள்? செய்யாமல் விட்டது என்ன?

நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில். ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்று பக்தர்கள் தேடி வந்த ஊரை, இன்று கார் செய்கிற ஊர் என்று உலகம் தேடி வருகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹ்யுண்டாய் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆகையால் எங்கள் வட்டாரத்துப் பையன்களுக்குத் தொழிற்சாலைப் பாஷை தண்ணீர் பட்ட பாடு. ஒரு வண்டி அந்நிய தேசத்திலிருந்து முழுசாக வந்து இறங்குவது ஒரு நிலை. பாகங்களைப் பெட்டி பெட்டியாகத் தருவித்து இங்கே பூட்டுவது இரண்டாம் நிலை. போல்ட்டு முதற்கொண்டு இங்கேயே வார்த்துச் செய்வது மூன்றாம் நிலை. கதைச் சரக்குக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் மூலத் தொழிற்சாலையைப் பார்த்துவிடுவோம்.

'பல்ப்' என்றால் மரக்கூழ். மரத்தை அரைத்துச் செய்த மட்டமான காகிதத்துக்கு ஆயுசு குறைவு. அதில் உள்ள அமிலம் காகிதத்தைத் தானே தின்றுவிடும். சில வருஷங்களில் பழுத்துப் பழுப்பேறி, ஓரம் பொடிப்பொடியாய் உதிரும். ஃபிராங்க் மன்ஸி என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், ஜனங்களுக்கு வேண்டியது கதையே தவிரக் காகிதம் அல்ல என்று கண்டுகொண்டார். 1896-இல் தம்முடைய 'ஆர்கஸி' பத்திரிகையை முழுவதும் கதைகளாக்கி, இந்தக் காகிதத்தில் அச்சடித்து, பத்து ஸென்டுக்கு விற்றார். ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்துவிட்டு வருகிறவன் கையில் பத்து ஸென்ட் இருந்தது. படிக்க ஆசையும் இருந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1886-இல், நிக் கார்ட்டர் என்ற துப்பறியும் வாலிபன் நியூயார்க் வாரப் பத்திரிகை ஒன்றில் பிறந்திருந்தான். அவனுடைய ஆயுசைக் கேட்டால் நேயர்கள் பொறாமைப்படுவார்கள். பல கை மாறி, 1964-இல் அவனே ஆளைக் கொல்லும் உத்தியோகத்தில் அமர்ந்த ஸர்க்கார் ஒற்றனாக மறு அவதாரம் எடுத்து, 1990 வரையில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களில் ஓடினான்.

இந்தப் பத்திரிகைகள் எழுத்தாளனுக்குக் கொடுத்த கூலி பெரும்பாலும் வார்த்தைக்கு ஒரு ஸென்ட். கூலி வார்த்தைக் கணக்கு என்றால் கதாநாயகன் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? அடி, உதை, ஓட்டம், வெடி. 1931-இல் 'ஷாடோ' என்ற நிழல் மனிதன் புறப்பட்டான். அவனைப் பற்றி வால்டர் கிப்ஸன் என்ற ஒரே மனிதர் இருநூற்றெண்பதுக்கு மேல் நாவல் எழுதித் தள்ளினார். 1933-இல் டாக் ஸாவேஜ். 1934-இல் 'ஆபரேட்டர் 5' என்ற ரகசிய ஏஜெண்ட். அவன் வேலை, அந்நியர் படையெடுப்பிலிருந்து அமெரிக்காவை மாதா மாதம் காப்பாற்றுவது. காப்பாற்றிய தேசம் அடுத்த மாதம் மறுபடியும் ஆபத்தில் விழும். சந்தா நிற்கக் கூடாதல்லவா!

ஒரு விஷயத்தை மட்டும் சிரித்துவிட்டு விட முடியவில்லை. இந்தக் கதைகளில் வில்லன் பெரும்பாலும் மஞ்சள் முகத்தவன், அல்லது நம்மைப் போன்ற மாநிறத்தவன். டால்பட் முண்டி லண்டனில் பிறந்து 1917-இல் அமெரிக்கப் பிரஜையானவர். 1916-இல் அவர் எழுதிய 'கிங் ஆஃப் தி கைபர் ரைபிள்ஸ்' அமெரிக்கர்களுக்கு மிகவும் பிடித்துப்போன கதை. அதன் நாயகன் இந்தியாவில் வேஷம் போட்டுத் திரிகிற வெள்ளைக்கார ஒற்றன். அவன் காப்பாற்றுவது எதை? நம்மை அடக்கி வைத்திருந்த ராஜ்யத்தை.

அதே காலத்தில், அதே அமெரிக்காவில், நிஜமான இந்திய ரகசியக் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 1913 முதல் கதர் கட்சியார் பத்திரிகை நடத்தி, ஆள் சேர்த்து, ஆயுதம் அனுப்ப முயன்றார்கள். 1917 நவம்பரில் அவர்கள் மீது ராஜ சதி வழக்கு தொடங்கியது. 1918 ஏப்ரல் 23-ஆம் தேதி, கோர்ட்டு மண்டபத்திலேயே, குற்றஞ் சாட்டப்பட்ட ராம் சந்திரரை இன்னொரு பிரதிவாதியான ராம் சிங் சுட்டுக் கொன்றார். கோர்ட்டுக் காவலர் ராம் சிங்கைச் சுட்டு வீழ்த்தினார். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், பத்து ஸென்ட் பத்திரிகையின் ஆசிரியர்கூட "கொஞ்சம் அதிகம்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

* * *

அமெரிக்கக் கதைக்காரர்களில் உண்மையான வேவுத் தொழில் அறிந்தவர் ஒருவர் இருந்தார். டாஷியல் ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் கம்பெனியில் உளவாளியாகச் சம்பளம் வாங்கியவர். க்ஷயரோகத்தால் அந்த வேலையை விட்டு 'பிளாக் மாஸ்க்' என்ற பழுப்புப் பத்திரிகைக்கு எழுத வந்தார். 1929-இல் அதில் தொடராக வரத் தொடங்கிய 'மால்டீஸ் ஃபால்கன்' இன்று கல்லூரிகளில் பாடப் புத்தகம். 1934 ஜனவரி 22-இல் அவர் எழுத, அலெக்ஸ் ரேமண்ட் சித்திரம் வரைய, தினசரிப் பத்திரிகைகளில் ஒரு படக்கதை தொடங்கியது. கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது. 'ரகசிய ஏஜெண்ட் எக்ஸ்-9' என்ற எண் மட்டுமே. ஹாமெட் சீக்கிரமே விலகிவிட்டார். ஏஜெண்ட் விலகவில்லை. பிற்பாடு அவனுக்கு பில் காரிகன் என்று பெயர் வந்தது. 1967 முதல் அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்டு, 1996 வரையில் அவன் உழைத்தான்.

காரிகன் என்றதும், ஐம்பது வயதைக் கடந்த தமிழர் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 1972 ஜனவரியில் சிவகாசியில் ஸ்ரீ சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழின் 'இரும்புக்கை மாயாவி' இங்கிலீஷ்காரர் சரக்கு. பின்னால் அமெரிக்கச் சரக்குகளும் வந்தன. அவற்றில் காரிகனும் ஒருவன். நியூயார்க்கில் பிறந்த எக்ஸ்-9, பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற சிவகாசியில் அச்சேறி, "சீக்கிரம்! அவன் தப்பிவிடப் போகிறான்!" என்று தமிழில் கத்தினான். தொழிற்சாலைக் கணக்கில் இது முதல் நிலை. வண்டி முழுசாக இறக்குமதி; பெயர்ப் பலகை மட்டும் தமிழ். 1984-இல் சௌந்தரபாண்டியனின் குமாரர் விஜயன் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே வருஷம் 'ராணி காமிக்ஸ்' ஜேம்ஸ் பாண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியது. நானும் என் ஒத்த வயதினரும் எழுத்துக் கூட்டுவதை விட்டு வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்டது பாடப் புத்தகத்தில் அல்ல. இந்தச் சித்திரக் கட்டங்களில்தான். கட்டத்துக்கு இரண்டு வரி. வரிக்கு நாலு வார்த்தை. அடுத்த கட்டத்தில் என்ன ஆயிற்று என்ற பதைப்பு. வாசிக்கக் கற்பிப்பதற்கு இதைவிடத் துரிதமான முறையை எந்தப் போதனா முறைப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஹாமெட்டைப் பற்றி இன்னொரு செய்தி. 1951-இல், ஒரு ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி அமெரிக்கக் கோர்ட்டு அவரைக் கேட்டது. சொல்ல மறுத்தார். ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. எண்ணை மட்டும் சொல்லிப் பெயரைச் சொல்லாத ஏஜெண்டைப் படைத்தவர், பெயரைச் சொல்லாததற்காகவே சிறைக்குப் போனார்.

* * *

இரண்டாம் நிலைக்கு, அதாவது பாகங்களைத் தருவித்துப் பூட்டுகிற நிலைக்கு, நாம் 1972-க்கு வெகு முன்பே வந்துவிட்டோம். வரிசை தலைகீழாக இருக்கிறதே என்றால், இலக்கியம் தொழிற்சாலைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு – இந்த மூவர் பெயரைக் கேட்டால் நம் பாட்டிமார்களுக்கு அடுப்பில் பால் பொங்குவது மறந்துபோகும். முதலியார் ரெய்னால்ட்ஸ் முதலிய இங்கிலீஷ் ஆசிரியர்களின் சரக்கைக் கொண்டுவந்து, லண்டன் சந்துகளைத் தமிழ்ப் பேச்சு வழங்கும் சந்துகளாக்கினார். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வெளியாயிற்று. அவருடைய துப்பறியும் கோவிந்தன் தமிழ் நாட்டில் ஷெர்லக் ஹோம்ஸுக்குச் சளைக்காத புகழ் பெற்றான். 'ராஜாம்பாள்' 1935-இலும் 1951-இலும் சினிமாவாகவும் வந்தது. கதையின் எலும்புக்கூடு சீமைச் சரக்காக இருந்தாலும், பால்ய விவாகம், வரதக்ஷிணை, கிழவனுக்குப் பெண் கொடுப்பது என்று சதையும் ரத்தமும் நம்முடையவை. வை. மு. கோதைநாயகி அம்மாள் 'வைதேகி'யில் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். தேச விடுதலைக்காகச் சிறைக்கும் சென்றார். மர்மக் கதை எழுதுகிற கை ராட்டை சுற்றாது என்று எண்ணுகிறவர்கள் அந்த அம்மாளின் சரித்திரத்தைப் படிப்பது நல்லது.

எனக்கு எல்லோரிலும் பிடித்தவர் வடுவூராரின் திகம்பர சாமியார். துப்பறிகிறவரைச் சாமியாராக்கிய யுக்தி சீமையில் வாங்கியது அல்ல. 'கும்பகோணம் வக்கீல்' நாவலே 1950-இல் 'திகம்பர சாமியார்' என்ற படமாக வந்து, எம். என். நம்பியார் பல வேஷங்களில் தோன்றி ஜனங்களை மயக்கினார். திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். துறந்தார் வேஷத்தில் எங்கும் புகவேண்டும். என்ன செய்தாலும் சோர்ந்து வாய் விடக் கூடாது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியக் கூடாது என்பதெல்லாம் அதில் அடக்கம். இதற்குமேல் எந்த வேவு இலாகாவிலும் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் வந்தவர் தமிழ்வாணன். 1948-இல் தோன்றிய 'கல்கண்டு' பத்திரிகையில் ஆசிரியராக இருந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தாமே ஒரு கதாபாத்திரம்போல உலவினார். அவருடைய துப்பறியும் சங்கர்லால் மதுவைத் தொடமாட்டார், தேநீர்தான். மூளை வேலை செய்யத் தொடங்குமுன் ஒரு கோப்பை, தொடங்கியபின் ஒரு கோப்பை. அமெரிக்கக் கதாநாயகன் விஸ்கி இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தேநீர்க் கோப்பையில் ஒரு ஸ்வதேசிப் பிரதிக்ஞையே இருப்பது தெரியும். சங்கர்லால் விமானம் ஏறிப் பெர்லினுக்கெல்லாம் போய் வெள்ளைக்காரர்களுக்குத் துப்புத் துலக்கிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டு என்ற பதார்த்தத்தைக் கண்ணால் கண்டிராத கிராமத்துப் பையனுக்கு, தமிழ்ப் பேசும் ஒருவர் உலகத்துக்கே தேவைப்படுகிறார் என்ற நினைப்பு லேசானதா?

சுஜாதாவின் கணேஷ் 1968-இல் 'நைலான் கயிறு' தொடரில் வந்தார். பின்னால் வஸந்த் சேர்ந்துகொண்டான். வக்கீலே துப்பறிவது அமெரிக்காவின் பெர்ரி மேஸனை நினைவூட்டும். ஆனால் வஸந்தின் வாய்த்துடுக்கு முழுக்க முழுக்க உள்நாட்டு உற்பத்தி. அதற்கு உரிமைத் தொகை யாருக்கும் செலுத்தவேண்டியதில்லை. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். இருநூற்றெண்பது எழுதிய வால்டர் கிப்ஸனை அமெரிக்கர்கள் அதிசயப் பிறவி என்கிறார்கள். நம்மவரைப் பற்றி அவர்களுக்கு யாராவது கடிதம் எழுதினால் தேவலை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபா என்ற இரட்டையரின் ஆட்கள் எல்லோரும் மாத நாவலாக வந்து பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப்பு மாட்டித் தொங்கினார்கள். 2008-இல் சென்னையிலிருந்து ஒரு பிரசுராலயம் இந்த நாவல்களில் சிலவற்றைப் பொறுக்கி இங்கிலீஷில் தொகுத்து வெளியிட்டது. ஏற்றுமதியும் ஆரம்பமாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஜேம்ஸ் ஹாட்லி சேஸையும் நினைக்கவேண்டும். இந்திய ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் வெகு காலம் கொடி கட்டிப் பறந்தவர். அவரை அமெரிக்கர் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். அவரோ லண்டன்காரர், புத்தகக் கடை ஊழியர். 1939-இல் முதல் நாவலை எழுதியபோது அமெரிக்காவைப் பார்த்தது கிடையாது. பூகோளப் படத்தையும் கொச்சை மொழி அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். கலப்படமான அந்த அமெரிக்காவைத்தான் அசல் என்று நாம் வாங்கினோம்!

* * *

ஸ்ரீபெரும்புதூரில் கிளிப்பு மாட்டித் தொங்கிய நாவல்களின் இடத்தில் இப்பொழுது வறுவல் பொட்டலங்கள் தொங்குகின்றன. கம்பெனி பஸ்களில் ஷிப்டு முடிந்து திரும்புகிற வாலிபர்களைப் பார்க்கிறேன். பல ஜில்லாக்காரர்கள், பல ராஜதானிக்காரர்கள். தலை கவிழ்ந்திருப்பது புத்தகத்தின் மீது அல்ல. திரையில் அமெரிக்க ஏஜெண்ட் ஒருவன் கட்டடத்துக்குக் கட்டடம் தாவிக்கொண்டிருப்பான். தாவட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் படிக்கிற வேகம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். ராஜேஷ்குமார் காலத்தில் பரீட்சையில் தோற்ற பையன்கூட ராத்திரி ஒன்றுக்குள் நூறு பக்கம் முடித்துவிடுவான்.

வேவு என்பது எங்கள் வட்டாரத்தில் கதையாக மட்டும் இல்லை. பல தொழிற்சாலைகளில் வாசற்காவலர், உள்ளே போகிறவரின் கைப்பேசிக் காமிராக் கண்ணின் மேல் சின்ன ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டுகிறார். இயந்திர ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்ற ஜாக்கிரதை. காமிரா என்றால் இந்த ஊரில் இன்னொரு நினைவும் வரும். 1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தியும் பதினைந்து பேருக்கு மேலானவர்களும் இங்கே மனித வெடிகுண்டுக்கு இரையானார்கள். கொலையைப் படம் பிடிக்க வந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவும் மாண்டார். அவருடைய காமிரா மாளவில்லை. அதிலிருந்த சில படங்களைப் பற்றிக்கொண்டே புலனாய்வுக் குழுவினர் சதிகாரர்களைத் தேடிச் சென்றார்கள். அந்த வழக்கை வைத்து எடுத்த 'குற்றப்பத்திரிகை' சினிமா தணிக்கைக்காரர்களிடம் வருஷக்கணக்கில் சிக்கி, 2007-இல்தான் வெளிவந்தது. அதைப் பற்றி நான் வகுப்பில் சாகசக் கதையாகச் சொல்வதில்லை. அன்று செத்தவர்களின் உறவினர் இன்னும் இருக்கிறார்கள். நாவலில் நூறு பேர் செத்தால் பக்கத்தைத் திருப்பலாம். மைதானத்தை அப்படித் திருப்ப முடியாது.

சொல்லவேண்டிய கதைகள் வேறு இருக்கின்றன. என் குறையே இங்கேதான்.

வ. வே. ஸு. ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் பாரிஸ்டருக்குப் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, 1910-இல் போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வேஷம் போட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வழியில் ஒரு ரகசியப் போலீஸ்காரர் அவர் பெட்டியில் இருந்த 'வி. வி. எஸ்.' என்ற எழுத்துக்களைக் காட்டிக் கேட்க, சீக்கிய வேஷத்தில் இருந்த ஐயர் சற்றும் அசராமல் அது 'விக்கிரம் சிங்' என்று சாதித்ததாகக் கதை வழங்குகிறது. அதே மனிதர் 1916-இல் திருக்குறள் முழுவதையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஒற்றாடல் அதிகாரத்தை மொழிபெயர்த்தபோது அவர் வீட்டு வாசலிலேயே பிரிட்டிஷ் ஒற்றர்கள் நின்றிருப்பார்கள்! டாஷியல் ஹாமெட்டால்கூட இப்படி ஒரு கட்டத்தைப் புனைய முடியுமா?

இன்னொன்று. 1942-இல் பினாங்குத் தீவில் சுயராஜ்யப் பயிற்சிப் பள்ளி ஒன்று நடந்தது. மலேயாவில் இருந்த இந்திய வாலிபர்களுக்கு அங்கே வேவுத் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில், ஒரு குழுவினர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, ரப்பர்ப் படகில் மலையாளக் கரையில் தானூரில் இறங்கினார்கள். வக்கம் அப்துல் காதர் அவர்களில் ஒருவர். வேறு சிலர் வடக்கே கரையேறினார்கள். சிலர் பர்மாக் காட்டு வழியே வந்தார்கள். எல்லோரையும் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுவந்து விசாரித்தார்கள். 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி காலை சென்னைச் சிறையில் அப்துல் காதர், அனந்தன், ஸத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரையும் தூக்கிலிட்டார்கள். ஒரு முஸ்லிம், ஒரு கேரள ஹிந்து, ஒரு வங்காளி, ஒரு சீக்கியர். காதருக்கு வயது 26. தூக்குக்கு முந்திய இரவு தம் தகப்பனாருக்குக் கடிதம் எழுதிவைத்தார்.

கதைப் புத்தகத்து ஏஜெண்ட் கரையேறினால் ஜெயிப்பான். இவர்கள் கரையேறி, சில நாளைக்குள் அகப்பட்டு, செய்ய வந்த காரியத்தைத் தொடங்குவதற்குள் முடிந்துபோனார்கள். ஒருவேளை அதனால்தான் மாத நாவலுக்கு இவர்கள் ஏற்றவர்களாகத் தோன்றவில்லையோ என்னவோ! சங்கர்லால் பெர்லின் வரை போனார்; காரிகன் நியூயார்க்கிலிருந்து சிவகாசிக்கு வந்தான்; இந்த நால்வரோ நம் சென்னைச் சிறைச் சுவருக்கு உள்ளேயே இருந்துவிட்டார்கள். 1914-இல் ஒரு ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பலின் பெயரை நாம் 'எம்டன்' என்று பாஷையிலேயே சேர்த்துக்கொண்டோம். தானூரில் இறங்கியவர்களுக்காக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

நம் நாட்டில் வேகமாகக் கதை சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மேலே பெயர் சொன்ன கூட்டமே அதற்குச் சாட்சி. நீர்மூழ்கிக் கப்பல், ராத்திரிக் கடல், ரகசியப் பள்ளிக்கூடம், காட்டிக்கொடுப்பு, கோர்ட்டு என்று எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன. உரிமைத் தொகை கேட்டு எந்த அமெரிக்கக் கம்பெனியும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாது. சித்திரம் வரைகிறவர்களும் சிவகாசி அச்சுக்கூடங்களும் இன்னும் இருக்கின்றன.

சென்ற செப்டம்பரில், அந்தத் தேதி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்கினேன். கட்டம் கட்டமாகச் சொன்னேன், பழைய காமிக்ஸ் மாதிரியே. கப்பல் மேலே வருகிறது, மூடி திறக்கிறது, படகு இறங்குகிறது. கடைசிப் பெஞ்சில் எப்பொழுதும் தூங்குகிறவன் தூங்கவில்லை. மணி அடித்தபோது காதர் தானூர் மணலில்தான் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை நான் வகுப்புக்குள் நுழையுமுன் நாலு பையன்கள் சுவரில் தொங்கிய பூகோளப் படத்தில் தானூரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் திரும்பி, "ஸார், இது புஸ்தகமா வந்திருக்கா? எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் தேடினால் கிடைக்கும் என்றேன். "தமிழ்லே, படம் போட்டது வேணும், ஸார்" என்றான்.